நமீபியாவிலிருந்து வந்த பச்சைக்கல்

என் கணவர் நமீபியாவில் ஒரு செம்புச் சுரங்கத்தில் இரண்டு வருடம் மின் பொறியியலாளராக வேலை செய்துவிட்டு கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது, காலுறைக்குள் சுற்றிப் பச்சைக்கல் ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளைப் பாறைத்துண்டின்மேல் பெருவிரல் நகமளவு பளிங்கு. சுற்றிவர அரிசிமணி போல இன்னும் பல.

"மரகதம்," என்றார். "என்னோட வேலை செய்த ஒருத்தர் தந்தவர். உமக்கு மோதிரம் செய்வம்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே பெரிய காரியம். சுரங்கத்தைப் பற்றி எது கேட்டாலும் "பரவாயில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சாப்பிடுவார், கடலோரம் மறைன் டிரைவில் நடந்துவிட்டு வருவார், படுத்துவிடுவார். இரண்டு வருடமாகத் தொலைபேசியில் குரல் மட்டும் இருந்தது. இப்போது ஆள் இருக்கிறார், குரலைக் காணவில்லை.

செட்டியார் தெரு நகைக்கடையில் கல்லைப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கொள்ளுப்பிட்டியில் என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. அங்கிருந்த முஸ்லிம் பெரியவர் நுணுக்குக்காட்டியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது மரகதமில்ல தங்கச்சி. டயோப்டேஸ். செம்பும் சிலிக்காவும் தண்ணியும் சேர்ந்து உண்டாகிற கல்லு. நிறம் மட்டுந்தான் மரகதம் மாதிரி."

என் முகம் வாடியதைக் கண்டிருப்பார். "கவலப்படாதீங்க. மரகதம் நான் எத்தனையோ பாக்கிறன். இது என்ட வாழ்க்கைல மூணாவது. வறண்ட நாட்டுச் செம்புச் சுரங்கத்துல, பாறை வெடிப்புக்குள்ள தண்ணி ஊறி ஊறி வளர்றது. நமீபியா, கொங்கோ, கசகஸ்தான்... எங்கட நாட்டுல எடுத்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல."

"மோதிரத்தில பதிக்கலாமோ?"

"வாணாம். கத்தி முனையால கீறலாம், அவ்வளவு மெது. சின்ன அடி பட்டாலும் பிளந்திரும்."

இதை வீட்டில் சொல்ல எனக்கு மூன்று கிழமை வாய் வரவில்லை. மோதிரம் என்னாச்சு என்று அவர் கேட்கும்போதெல்லாம் கடைக்காரர் ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். கடைசியில், "நாளைக்கு நானே போய்க் கேக்கிறன்," என்று அவர் எழும்பியபோது சொல்லிவிட்டேன்.

பிட்டுக் கோப்பையை அப்படியே வைத்தார். "அப்ப நான் ஏமாந்திட்டன்."

"தந்தவர் மரகதம் எண்டு சொன்னவரோ?"

யோசித்தார். காது மடல் சிவந்தது. "இல்லை. நான்தான் நினைச்சனான்."

"எனக்கு அது வடிவாத்தான் இருக்கு. நீங்கள் ஒருக்கா அந்தப் பெரியவரிட்ட வந்து நுணுக்குக்காட்டியில பாருங்கோவன்."

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாராக்கும். ஆனாலும் மறுநாள் வந்தார். பெரியவர் கல்லை வைத்து, "பாருங்க தம்பி," என்று கதிரையை இழுத்துவிட்டார்.

என் கணவர் குனிந்தார். நிமிரவேயில்லை. பிறகு, கண்ணை எடுக்காமலே பேசத் தொடங்கினார்.

"சுரங்கத்துக்குள்ள அண்டைக்கு டோர்ச் வெளிச்சத்திலயும் இப்பிடித்தான் மினுங்கினது. நானும் இதைத் தந்தவரும் கீழ நிக்கேக்க லிஃப்ட் பழுதாப் போச்சு. மேல மண் வேற சரிஞ்சிட்டுது. ஆறு மணித்தியாலம். அவர் என்ர கையை விடவேயில்லை. சுவர் வெடிப்புக்குள்ள இது இருந்தது, பிறகுதான் அவர் பெயர்த்து எடுத்தவர். பயத்தில நாங்கள் ரெண்டு பேரும் இதையே பாத்துக்கொண்டிருந்தனாங்கள். உம்மை இனிக் காணமாட்டன் எண்டு நினைச்சனான்."

எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அந்த நாட்களிலும் தொலைபேசியில், மீன் என்ன விலை, மழை பெய்ததா என்றுதான் கதைத்திருக்கிறோம். நான் அவர் தோளில் கை வைத்தேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

பெரியவர் சத்தமில்லாமல் எழுந்துபோய் மூன்று பிளேன்டீ சொல்லிவிட்டு வந்தார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை.

கல் இப்போது எங்கள் கண்ணாடி அலுமாரியில் பஞ்சின்மேல் இருக்கிறது. தூசி பிடித்தால் அவர்தான் மெல்லிய தூரிகையால் தட்டுவார். தட்டியதும் ஒரு படம் எடுத்து, நமீபியாவில் இருக்கும் அந்த மனிதருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்.