தொட்டியின் வாயில் நின்றவன்

நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம். நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்தது. எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். என் மனைவி இறந்து எட்டாவது மாதம். மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தேன். மனைவியின் தம்பி அதே கப்பலில் ஃபிட்டர். என் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கப்பலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். எந்த வேலை செய்தாலும், கழற்றிய நட்டுகளைத் தன் கையுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வைப்பான். "உன் கையுறையில கை இருந்ததைவிட நட்டு இருந்ததுதான் ஜாஸ்தி" என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.

அன்று நடந்தது பட்டப்பகலில். கப்பலின் பக்கச் சுவரை ஒட்டி, மேல்தளத்திலிருந்து அடிவரை இறங்கும் ஒரு தொட்டி. கப்பல் சாயாமலிருக்கக் கடல்நீர் நிரப்புவது. அதைக் காலி செய்திருந்தார்கள். உள்ளே இறங்கித் துருப்பிடித்த இடங்களைக் குறிப்பது என் வேலை. தொட்டிக்கு இரண்டு வாய். பின்வாயின் மூடியைத் திறந்து வைத்தோம். முன்வாயின் மூடி வெளிப்பக்கம் பன்னிரண்டு நட்டு போட்டு முடுக்கியபடியே இருந்தது.

இரும்புக்குள் வாக்கி டாக்கி எடுக்காது. அதனால் ஒரு முறை வைத்திருந்தோம். உள்ளே போனவன் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்பானரால் மூன்று தட்டு தட்ட வேண்டும். வாயில் நிற்பவன் மூன்று தட்டு பதில் தர வேண்டும். வெளியே வந்ததும் ஒரே ஒரு தட்டு. அது கேட்கும்வரை வாயில் நிற்பவன் நகரக் கூடாது.

"மாமா, காலையில சாப்டீங்களா?"

"ம்."

"இந்த 'ம்'முக்கு அர்த்தம் அக்காவுக்குத்தான் தெரியும். எனக்கு வாயைத் திறந்து சொல்லுங்க."

"வாயில நிக்கச் சொன்னா வாயாடுறியே."

சிரித்தான். "அந்த ஒரு தட்டு கேக்காம நான் நகர மாட்டேன். அப்புறம் பாப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டு மணிக்கு இறங்கினேன். 2.10க்குத் தட்டினேன். மேலிருந்து டங்... டங்... டங். 2.20க்கும் 2.30க்கும் அப்படியே.

2.31. தலைக்கு மேல் பெரிய அலை அறைந்த சத்தம். வாய் வழியே தண்ணீர் கொட்டியது. அடுத்த கணம் மூடி விழுந்தது. வெளிச்சம் போயிற்று. அலைக்குப் பயந்து அவன்தான் மூடியிருப்பான் என்று நினைத்தேன்.

2.40க்குத் தட்டினேன். பதில் வந்தது. ஆனால் மேலிருந்து அல்ல. பக்கவாட்டிலிருந்து.

ஏணியேறி மூடியைத் தள்ளினேன். அசையவில்லை. வெளிக்கொக்கி விழுந்திருந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரலே சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது. 2.50க்கு மூடியில் ஓங்கி மூன்று தட்டு தட்டினேன்.

பதில் என் காலுக்குக் கீழே கேட்டது.

கீழே இறங்கினேன். காற்றில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் 20.1 சதவீதம் காட்டியது. இறங்கும்போது 20.8. துரு காற்றைத் தின்றுகொண்டிருந்தது. 19.5க்குக் கீழே போனால் அலறும். அதற்குப் பிறகு அதிக நேரமில்லை. மகள் முகம் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சாகப் பயந்தேன்.

3.00. நான் ஸ்பானரை ஓங்கினேன். தட்டவில்லை.

டங்... டங்... டங்.

சுவரில் காது வைத்தேன். சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் அறை இல்லை. கடல் மட்டும்தான்.

3.10. அதே மூன்று தட்டு. இப்போது பத்தடி முன்னால்.

டார்ச் மங்கியது. மீட்டர் அலறத் தொடங்கியது. தடுப்புகளில் இருந்த துளைகளுக்குள் உடம்பை நுழைத்து, சத்தம் வந்த பக்கமே ஊர்ந்தேன்.

3.20. இன்னும் முன்னால்...

3.30. இன்னும்...

டார்ச் அணைந்தது.

கையில் ஏணி தட்டுப்பட்டது. முன்வாய் ஏணி.

ஏறினேன். மேலே ஒரு கீற்று வெளிச்சம்.

மூடி திறந்திருந்தது.

3.40க்கு மேல்தளத்தில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்தில் ஒரு கையுறை. முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்தேன். பன்னிரண்டு நட்டு. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கப்பல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் மறுபக்கம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கேப்டன் இரண்டடி பின்னால் போனார்.

"நீ... எங்கேருந்து வர்றே?"

"தொட்டியிலேருந்து. என் மச்சினன் எங்கே சார்?"

"ஆள் எண்ணினப்போ ரெண்டு பேர் குறைஞ்சீங்க. தொட்டி மூடி கொக்கி விழுந்து கிடந்துச்சு, நீயும் வெளியே வந்துட்டேன்னு நெனச்சு, ரெண்டு பேரையும் அலை அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு ஒரு மணி நேரமா கடல்ல தேடுறோம்."

"முன்வாயை யார் திறந்தது?"

யாரும் திறக்கவில்லை. அந்தப் பக்கமே யாரும் போகவில்லை.

அவன் கிடைக்கவில்லை.

மறுநாள் கேமரா பதிவைக் காட்டினார்கள். நேரம் 2.31. அலை வருகிறது. அவன் ஓடவில்லை. வாயை விட்டு ஓரடி நகரவில்லை. குனிந்து உள்ளே பார்த்து ஏதோ கத்துகிறான். பிறகு கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டியபடியே போகிறான். படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இரண்டு கையிலும் கையுறை இருந்தது.

நான் கப்பல் வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. போன வாரம் அந்தக் கப்பலின் சமையல்காரர் போன் செய்தார். அந்தத் தொட்டிச் சுவரில் இன்னும் சத்தம் கேட்கிறதாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. மூன்று தட்டு. யாரும் அதற்குள் இறங்குவதில்லையாம்.

"எதுக்குத் தட்டுதுன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

போனை வைத்தேன்.

அன்று வெளியே வந்தபின் அந்த ஒரு தட்டை நான் தட்டவில்லை.