காலியான அலையும் நான் சொல்லாத சேதியும்

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் கடலில் இறங்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. என் நாத்தனார் உண்டாகியிருந்தபோது ஒருநாள் எல்லோரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மாமியார் மாப்பிள்ளையின் சட்டைக் கையைப் பிடித்து, ஈர மணலுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார். ஆபீசில் ஒரு பெரிய கும்பலையே மேய்க்கிற மனிதர், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுண்டல் தின்றபடி நின்றார். எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் என் கணவன்.

மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தும், முப்பத்தைந்து வயது வரை கடல் என்பது அவனுக்குக் காற்று வாங்கும் இடம்தான். ஊரூர் குப்பத்து நண்பர் ஒருவர் அவனை சர்ஃபிங் பலகையில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டான். அந்த நண்பர் மீன்பிடிக்கிறவர். சனி ஞாயிறுகளில் சர்ஃபிங் கற்றுக்கொடுப்பார். அந்த இரண்டு நாளும் ஒரே அலைக்குப் பத்துப் பேர் முட்டிக்கொள்வார்கள். என் கணவன் யார் மேலும் மோதாமல் கரை சேர்ந்தாலே பெரிய விஷயம்.

போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் போன் செய்தார். “மச்சி, நாளைக்குக் காத்தால வந்துடு. அலை சூப்பரா கீது. ஒரு ஆளு இல்ல.” என் கணவன் உடனே லீவு சொன்னான். பெங்களூரிலிருந்து வந்திருந்த நாத்தனார், குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். மாமியாரும் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குளியலறையில் கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு கோடு. கல்யாணமான ஏழு வருஷத்தில் நான் இரண்டு கோடு பார்த்தது அன்றுதான்.

வெளியே அவன் இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி டப்பாவில் அடுக்கிக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தான். இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரு சந்தோஷத்தை அம்மாவிடம் மறைக்க அவனால் அரை மணி நேரம்கூட முடியாது. மாமியாருக்குத் தெரிந்தால் இன்று மட்டுமல்ல, பிரசவம் வரை அவனுக்குக் கடல் கிடையாது. இந்த மாதிரி காலியான அலை பிறகு எப்போது வாய்க்குமோ? ராத்திரி சாப்பிட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஏதோ பெரிய தியாகம் செய்வதாக எனக்கு நினைப்பு.

வழக்கமாக நானும் பலகையில் ஏறுகிறவள். அதனால் ஒரு பொய் தேவைப்பட்டது. மணலில் நடக்கும்போது அவன் காதருகில், “இன்னிக்கு நான் எறங்கல. பீரியட்ஸ்,” என்றேன். அவன் தலையாட்டிவிட்டுத் தன் துண்டை மடித்து நான் உட்காருவதற்காகப் போட்டான்.

நண்பர் சொன்னது சரிதான். கடலில் எங்களைத் தவிர ஆளில்லை. கரையிலிருந்து வீசிய காற்று அலைகளை நிமிர்த்திப் பிடித்திருந்தது. நாத்தனார் பலகையில் எழுந்து நின்ற வேகத்திலேயே விழுந்து, வாயெல்லாம் உப்பாக எழுந்து வந்து மறுபடியும் விழுந்தாள். மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, “ரொம்ப உள்ள போகாதேடி, பாத்துண்டு,” என்று கத்திக்கொண்டிருந்தார். நண்பர் என்னைப் பார்த்து, “இன்னா சிஸ்டர், இப்பிடி அலைய வுட்டுட்டு ஒக்காந்துகினு கீறீங்க?” என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

அப்புறம் என் கணவனுக்கு அந்த அலை வந்தது. தூரத்தில் ஏறியவன் விழவே இல்லை. வளைந்து, குனிந்து, தட்டுத்தடுமாறிக் கரை வரை நின்றபடியே வந்தான். வந்ததும் முதல் வேலையாக நான் பார்த்தேனா என்று என் பக்கம் திரும்பினான். நான் இரண்டு கையையும் தூக்கிக் கைதட்டினேன். அந்தக் கரையில் அவன் அப்பாவாகப் போகிறான் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த நிமிஷம் எனக்குப் பொங்கிவந்த பெருமையை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று இரவு அவன் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் சோபாவிலேயே தூங்கிப்போனான். எழுப்ப மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு அவன் ஆபீஸ் கிளம்பும்போது எனக்கு வலி ஆரம்பித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவன் பார்த்தான். வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து கொடுத்து, “ரெண்டாவது நாள்தான் ஒனக்கு எப்பவுமே படுத்தும்,” என்று தலையைத் தடவிவிட்டுப் போனான். நான் சொன்ன பொய்யை அவன் அவ்வளவு நம்பினான். மதியம் நான் தனியாக ஆட்டோ பிடித்து அடையாறில் டாக்டரிடம் போனேன். ஆரம்பத்திலேயே கலைந்துவிட்டது, யார் தப்பும் இல்லை, இது நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்றார் அந்த அம்மாள். நிறையப் பேருக்கு நடந்தால் எனக்கு என்ன ஆறுதல் என்று கேட்க நினைத்தேன். அழுகைதான் வந்தது.

சாயங்காலம் அவன் வந்ததும் எங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். குழந்தை இருந்ததும் இல்லாமல் போனதும் அவனுக்கு ஒரே மூச்சில் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு, “அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். கடல்னாலதான்னு சொல்லிடுவா,” என்றான். அவன் அதை நம்புகிறானா என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவன் பலகையைத் தொட்டதில்லை. நண்பர் கூப்பிடும்போதெல்லாம் தோள்வலி என்று சொல்கிறான்.

அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எப்போ தெரியும் ஒனக்கு?”

“பீச்சுக்குப் போன அன்னிக்குக் காத்தால.”

“நான் அந்த அலையில வந்தப்போ தெரியுமா?”

“தெரியும். சொன்னா அம்மா ஒன்ன எறங்க விடமாட்டாளேன்னுதான்.”

அவன் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“சொல்லியிருந்தா கரையிலயே ஒன் பக்கத்துல ஒக்காந்துண்டு இருந்திருப்பேனே,” என்றான். “அந்த ஒரு நாளாவது.”