மட்கார்டுக்கு அடியில் ஒரு விரல்

பேரனும் அவன் கூட்டாளிகளும் சைக்கிளில் தஞ்சாவூர் வரை போகப்போகிறார்கள். ஐந்து நாள் பயணம். போன வருஷம் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு உப்பள வரப்புகள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்த்துவர, இன்று காலையில் அவன் மட்டும் கிளம்பினான். "சும்மா ஒரு ரவுண்டு தாத்தா" என்றான். அவன் திரும்பும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. அதற்குக் காரணம் என் வயது அல்ல.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது என் தாய்மாமாவும் இதே பயணத்துக்குத் தயாரானார். கூட என் அண்ணனும் இன்னும் நான்கு பேரும். ஒரு மாதம் அவர்களை மாமா பாடாய்ப் படுத்தினார். டயரில் காற்றைக் குறைத்துக் கடற்கரை மணலில் ஓட்டச் சொன்னார். கேரியரில் மூட்டை கட்டி, இப்போது ஆரோவில் இருக்கும் செம்மண் மேட்டில் ஏற வைத்தார். கடைசியில் மிச்சமிருந்தது உப்பளத்தின் நடுவரப்பு. எங்கள் தெருவிலிருந்து தெற்கே போக அதுதான் குறுக்கு வழி. அதன் கோடியில் ஒரு பழைய மதகு. உப்பங்கழியில் தண்ணீர் ஏறினால் மதகின் ஓரம் அரித்துப் போகும்.

"யாராவது மதகைப் பார்த்துட்டு வாங்கப்பா" என்றார் மாமா.

"நான் போறேன் மாமா."

அண்ணன் சிரித்தான். "இவனா? கோழி கொத்த வந்தாலே அம்மாகிட்ட ஓடுறவன்!"

மாமா தம் சைக்கிளையே என்னிடம் கொடுத்தார். "நல்லா பார்த்துட்டு வாடா. பாண்டி வரைக்கும் உன்னை முன்னாடி பார்ல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். அங்கேருந்து ஊருக்கு பஸ் ஏத்தி விடுறேன்."

அரைப் பெடல் போட்டுக்கொண்டு போனேன். உச்சிவேளை. விடியலில் உப்பு வாரிய ஆட்கள் வீடு திரும்பியிருந்தார்கள். எதிரே கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. முந்தின வருஷம் அந்த மதகருகே சேற்றில் இறங்கிய ஒருவர் மேலே வரவில்லை. மூங்கிலால் துழாவி எடுத்தபோது முதலில் கை மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் நின்று நான் அதைப் பார்த்திருந்தேன். இப்போது வரப்பு தொடங்கும் இடத்திலேயே கால் ஊன்றி நின்றேன். எங்கோ சேற்றில் ஒரு குமிழி வெடித்தது. பிறகு, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில், இன்னொன்று.

சைக்கிளைத் திருப்பிவிட்டேன். போய்வர ஆகும் நேரம்வரை பனந்தோப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"மதகு நல்லா இருக்குது மாமா. மாட்டுவண்டியே போகலாம்."

மாமா குனிந்து மட்கார்டுக்கு அடியில் விரலை ஓட்டினார். அந்த விரலை நாக்கில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலிக்குத் தயாராக அண்ணன் பின்னால் நின்றிருந்தான்.

"சரி, கை கால் கழுவிட்டுச் சாப்பிடு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் கூடுவதாகப் பேச்சு. மாமா யாருக்கும் சொல்லாமல் முன்னாலேயே தனியாகப் போயிருந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது மதகின் ஓரம் சரிந்து கிடந்தது. மாமாவின் வலது கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டியிருந்தது. மேலே சைக்கிள். முழங்கால் நொறுங்கிவிட்டது.

"இவன்தானே நல்லா இருக்குதுன்னு சொன்னான்!" என்று அண்ணன் என் மேல் பாய்ந்தான்.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "உடுடா அவனை. அவன் பார்த்தப்ப நல்லாதான் இருந்திருக்கும். அப்புறம் தண்ணி ஏறி அரிச்சிருக்கும்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் சொன்னதைவிட அந்தத் தலையாட்டலை நினைத்துத்தான் இன்று அதிகம் கூசுகிறேன்.

அந்தப் பயணம் நடக்கவில்லை. மாமா நாற்பது வருஷம் காலை இழுத்து இழுத்து நடந்தார். சைக்கிளில் மறுபடி ஏறவேயில்லை. நானும் வாயைத் திறக்கவேயில்லை.

பேரன் பத்து மணிக்குத் திரும்பினான். "வரப்பு சூப்பரா இருக்குது தாத்தா." அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. குனிந்து மட்கார்டுக்கு அடியில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தேன். கரித்தது.

"ஐய, என்ன தாத்தா இது!"

உப்பளத்துக்குப் போய்வந்த சக்கரம் கரிக்கும். அன்று மாமாவின் நாக்கில் ஒன்றும் கரித்திருக்காது. எனக்கோ அப்போது, எதையும் நக்கிப் பார்ப்பது உப்பளத்துக்காரர்களின் வழக்கம் என்றுதான் தோன்றியது. தப்பித்த சந்தோஷத்தில் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமா வாசலில் நின்று உப்பளத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.