பெய்ரூட் பால்கனியில் கேட்ட தண்ணீரூற்றுக் குரல்

ஹசீனா அக்கா இறந்த செய்தி எனக்கு எங்கள் ஊரான தண்ணீரூற்றிலிருந்து வரவில்லை, கட்டாரிலிருந்து வந்தது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். கட்டாரில் சாரதியாக வேலை செய்யும் அவருடைய மகன் ரிஸ்வான் அழைத்தான்.

"அக்கா, உம்மா மௌத்தாகிட்டா. வவுனியா ஆஸ்பத்திரியில இருந்து மாமா இப்பதான் சொன்னவர். என்னால வரேலாது அக்கா. இஞ்ச பிளேன் ஒண்டும் எழும்புதில்லை. மேலால மிசைல் போகுது. நீங்கள் ஒருக்கா வீட்ட போறீங்களோ?"

போனேன். ஜனாஸாவை வெளியே எடுப்பதற்கு முன்னர், அக்காவின் தம்பி கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் ரிஸ்வான் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைக்கிடை படம் உறைந்து நின்றது. அப்போதெல்லாம் அறையிலிருந்த பெண்களின் அழுகையும் நின்றது. இணையம்தான் போனதா, அங்கே ஏதும் விழுந்துவிட்டதா என்று எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவனுடைய முகம் திரும்ப அசைந்ததும் அழுகை மறுபடி தொடங்கியது. இறந்தவருக்காக அழக்கூட விடாமல், உயிரோடிருப்பவனைப் பற்றிய பயம் எங்களைப் பிடித்து வைத்திருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கதையை நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முல்லைத்தீவிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் சிறுமி. புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்தார். இளம் வயதிலேயே வீட்டு வேலைக்காக முதலில் குவைத்துக்கும் பிறகு லெபனானுக்கும் போனார். இங்கே யுத்தம் முடிந்தபின் ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டில் போட்டு, பின்னர் கல்வீடு கட்டிக் குடியிருந்தார். அவருக்குத் தெரிந்த அரபு குசினியிலும் சந்தையிலும் பழகியது. வெளிநாட்டில் பெண்பிள்ளைகள் வேலை செய்யும் குடும்பங்கள், சைவமோ கிறிஸ்தவமோ இஸ்லாமோ, ஏதும் சிக்கலென்றால் அவர் வீட்டுப் படலையைத்தான் முதலில் திறந்தன.

நானும் அப்படித்தான் போனேன். என் தங்கை சுகந்தி பெய்ரூட்டின் தெற்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். சில மாதங்களாகச் சம்பளம் சரியாக வரவில்லை. அக்கா அவளோடு கதைத்துவிட்டு எனக்கு விளங்கப்படுத்தினார்.

"அந்தச் சனத்தின்ர காசை வங்கி பிடிச்சு வச்சுக்கொண்டு குடுக்குதில்லையாம். அவையின்ர லீராக் காசுக்குப் பெறுமதி இல்லை. கரண்ட் கொஞ்ச நேரம்தான், மிச்சத்துக்கு ஜெனரேட்டர்காரனுக்குக் காசு கட்டவேணும். நாங்கள் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில நிண்ட மாதிரித்தான். ஆனா எங்களுக்கு முடிஞ்சிது. அவைக்கு முடியேல்லை."

பிறகு பெய்ரூட்டில் குண்டுவீச்சு தொடங்கியது. ஒரு மத்தியானம் சுகந்தி அழைத்தாள். குசுகுசுவென்று சொன்னாள். வீட்டுக்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டார்கள். வெளிக்கதவை அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். கடவுச்சீட்டும் அவர்களிடம்.

"அக்கா, வண்டு சுத்துது," என்றாள்.

எங்கள் பக்கத்தில் யுத்தத்துக்குள் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் போதும். தலைக்கு மேலே ஆளில்லாத வேவு விமானம் இரைந்துகொண்டு திரிவதைத்தான் நாங்கள் வண்டு என்போம். அது சுற்றினால் பின்னால் பீரங்கி செல் வரும், அல்லது கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும். பதுங்கு குழிக்குள் என் மடியில் படுத்துக்கிடந்த சுகந்திக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. அந்த இரைச்சலைக் கைபேசியில் நானும் கேட்டேன். என் கை தானாகக் காதைப் பொத்தப் போனது.

ஓடிப்போய்க் கைபேசியை ஹசீனா அக்காவிடம் கொடுத்தேன். பெய்ரூட்டில் இருந்த காலத்தில் அவரும் ஒரு குண்டுவீச்சுக்குள் அகப்பட்டவர். அதைப் பற்றிக் கேட்டால் வேறு கதைக்குப் போய்விடுவார். அன்று மட்டும், "எனக்கும் பயமாக் கிடக்கு பிள்ளை. கொஞ்சம் தண்ணி தா," என்று வாங்கிக் குடித்துவிட்டு, என் கைபேசியில் சுகந்தியை வைத்துக்கொண்டே தன்னுடையதில் அந்த வீட்டு எசமானியை அழைத்தார்.

முதலில் தணிந்த குரலில் கதைத்தார். மறுபக்கத்தில் கார்களின் ஹோர்ன் சத்தமும் பிள்ளைகளின் அழுகையும் கேட்டன. அந்தப் பெண்ணும் அழுதுகொண்டுதான் இருந்தாளாம். கதவு திறந்து கிடந்தால் கள்ளர் வருவார்கள், வங்கிக் காசு போனபின் வீடு ஒன்றுதான் மிச்சம், நிலைமை தணிந்ததும் வந்து திறக்கிறேன் என்றாளாம். அக்கா கெஞ்சினார். தொடர்பு அறுந்தது. பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

நான் அவளைத் திட்டத் தொடங்கினேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். "அவளும் பயந்துபோய்க் கிடக்கிறாள். பயந்த சனம் கண்டபடி பூட்டும். இப்ப அவளை விடு. திறக்கக்கூடிய ஆளைப் பாப்பம்."

அங்கே மாடிக் கட்டடங்களுக்குக் கீழே ஒரு காவலாளி குடும்பத்தோடு இருப்பான், நாத்தூர் என்பார்கள். அநேகமாகச் சிரியாவிலிருந்து ஓடிவந்தவனாக இருப்பான். பால்கனிக்குப் போய் அவனைக் கூப்பிடு என்றார் அக்கா. சுகந்தி கட்டிலுக்குக் கீழே கிடந்தாள்.

"ஏலாது அக்கா. வெளியில வந்தா வண்டுக்குத் தெரியும்."

"ஓம் மோள், தெரியலாம். நான் பொய் சொல்லேல்லை. ஆனா உள்ளுக்குக் கிடந்தாலும் அது உன்னை விடும் எண்டு இல்லை. தவண்டு வா. போனைச் சத்தமா வச்சு வெளியில நீட்டு. நீ ஒண்டும் கதைக்கவேண்டாம். நான் கதைக்கிறன்."

அவள் தவழும் சத்தம், கண்ணாடிக் கதவு இழுபடும் சத்தம், பிறகு அந்த இரைச்சல் பெரிதாக. ஹசீனா அக்கா கதிரையிலிருந்து எழுந்து நின்றார். தண்ணீரூற்றில் தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, பெய்ரூட் தெருவொன்றைப் பார்த்துக் கத்தினார். "யா நாத்தூர்! யா நாத்தூர்!" பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வேலியருகே வந்துவிட்டார்கள். அங்கேயும் யாரோ அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். கீழேயிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது.

பூட்டை உடைத்துவிடச் சொல்லி அக்கா கேட்டார். அவன் மறுத்தான். பூட்டை உடைத்தால் என்னைக் கள்ளன் என்பார்கள், எனக்கு இந்த நாட்டில் தங்க அனுமதிப் பத்திரம் இல்லை, பிடித்தால் சிரியாவுக்கு அனுப்புவார்கள், அங்கே போனால் நான் செத்தேன் என்றானாம். அதற்கு அக்கா சொன்னதைப் பிறகு கேட்டு அறிந்துகொண்டேன்:

"உனக்கும் பயம், எனக்கும் பயம், அந்தப் பிள்ளைக்கும் பயம். பயம் போனாப்பிறகு திறப்பம் எண்டா ஒருநாளும் திறக்கமாட்டம். பயந்துகொண்டே திற தம்பி."

கீழே கதவொன்று அடிபட்டுச் சாத்தும் சத்தம் கேட்டது. அவன் ஓடிவிட்டான் என்று நினைத்தேன். அதற்குள் எங்கோ ஒரு வெடி. கைபேசி கரகரத்து அடங்கியது. அக்கா நிலத்தில் குந்திவிட்டார். பிறகு இரும்பு இரும்பில் மோதும் ஓசை கேட்டது. அலவாங்கு போல ஏதோ ஒன்றால் கதவை நெம்பிக்கொண்டிருந்தான். சுகந்தியின் குரல், "அக்கா, திறந்திட்டான்" என்றது. அவனும் மனைவியும் புறப்பட்ட வண்டியிலேயே அவளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் லெபனான்காரருக்கு மட்டும்தான் தங்க இடம் என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு தேவாலய மண்டபத்தில் படுத்தாள். பல வாரங்கள் கழித்துத் தற்காலிகப் பயணப் பத்திரத்தில் ஊர் வந்து சேர்ந்தாள். அந்தக் காவலாளியின் கதி என்னவென்று எங்களுக்குத் தெரியாது. ஹசீனா அக்கா பல தடவை முயன்று பார்த்தார். தொழுகை முடிந்து கையேந்தும்போதெல்லாம் அவனையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் போட்டபோது, ஈரானும் வளைகுடாவும் செய்திகளில் எரியத் தொடங்கின. கட்டாரில் சைரன் அடிக்கிறது என்று ரிஸ்வான் சொன்ன நாளிலிருந்து அவர் சாப்பிடவில்லை. பார்க்க வருகிறவர்கள் இங்கே பெற்றோல் தட்டுப்பாடு வரப்போகிறது என்று கதைப்பார்கள். அவர் கைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்திருப்பார். ஒருநாள் வந்த ஒருவர், ஈரானை முழுதாக அழித்தால்தான் உன் மகனுக்கு நிம்மதி என்று ஆறுதல் போலச் சொன்னார். அக்கா சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"குவைத்தில எங்கட தெருவில ஒரு ஈரான்காரன் ரொட்டி சுட்டவன். தங்கட நாட்டுக் காசு தண்ணியாப் போச்சுது எண்டு பிள்ளையளை விட்டிட்டு வந்தவன். எனக்குச் சூட்டு ரொட்டியில ஒண்டு கூட வச்சுத் தருவான். அவன்ர பிள்ளையளும் இப்ப எங்கயாவது கட்டிலுக்குக் கீழதான் கிடக்கும். அப்பிடிச் சொல்லாதைங்கோ."

அதுதான் நான் அவரிடம் கேட்ட கடைசி நீண்ட பேச்சு. அதன்பின் பேசினாலும் ரிஸ்வான் அழைத்தானா என்பது மட்டுமே கேள்வி.

அவருக்கு எங்கள் எல்லாரையும்விடத் துணிவு அதிகம் என்று ஜனாஸா வீட்டில் பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் பயம் அதிகம். எங்களுக்கு எங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் பயந்து பழக்கம். அவர் பெயர் தெரியாதவர்களுக்காகவும் பயந்தார்.

நேற்று மாலை விளக்கேற்றிவிட்டு வானொலியைப் போட்டேன். ஈரானில் ஏதோ ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னார்கள். எனக்கு அந்த நகரத்தில் எவரையும் தெரியாது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அங்கே எந்தப் பிள்ளை கட்டிலுக்குக் கீழே கிடக்கிறதோ என்று பயந்தேன். வானொலியை நிறுத்தாமல் அந்தச் செய்தி முடியும்வரை நின்று கேட்டேன். ஹசீனா அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பயம். இதை வைத்திருக்கப் போகிறேன்.