ராஜபாண்டி கையெழுத்துப் போடாத விமானம்

என் தங்கை முத்துமீனாவைக் கட்டிய ராஜபாண்டி, மதுரை விமான நிலையத்தில் இன்ஜினியர். விமானம் ஓட்டுகிறவர் இல்லை, கிளம்பும் முன் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர். இதைச் சமயநல்லூரில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தொண்டை வறளக் கத்துகிறேன். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்றுக்கட்டுச் சுமந்தவர். அவர் மகனுக்கு விமானத்தில் வேலை என்றால் ஊர் சும்மா விடுமா? ஒவ்வொரு காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸில் ‘விமானி ராஜபாண்டி’ என்று கூலிங்கிளாஸோடு அடித்துவிடுகிறார்கள். கூலிங்கிளாஸ் அவரிடம் கிடையாது.

மனுசன் பேசமாட்டார். கோச்சடையில் அவர்கள் வீட்டுக்குப் போனால் “வாங்க மச்சான்” என்பார். கிளம்பும்போது “சரி மச்சான்” என்பார். நடுவில் டிவி பேசும். எனக்கு ஆரப்பாளையத்தில் டயர் கடை, நாள் முழுக்கக் கத்திப் பேசிப் பிழைப்பவன். அவர் வீட்டில் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

மீனா அப்படியில்லை, பிடிவாதக்காரி. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து படித்து, வருசா வருசம் அரசுத் தேர்வு எழுதினாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ கொஞ்ச மார்க்கில் போகும். ஒருவழியாகப் போன வருசம் தேறிவிட்டாள். சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு, காலை பத்தரைக்கு நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. வயது வரம்பும் அவளுக்கு அந்த வருசத்தோடு முடிகிறது. விட்டால் அவ்வளவுதான், இனிமேல் தேர்வே எழுத முடியாது.

முந்தின ராத்திரி பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தோம். சாயங்காலம் சின்னவனுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. பையைத் தூக்குவதும் வைப்பதுமாக மீனா நின்றாள். அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

“ராத்திரி புள்ளகூட இரு. காலையில ஃபிளைட்ல போ. நான் அனுப்புற வண்டிதான, நேரத்துக்குப் போயிரும்.”

பேசாத மனுசன் பேசினால் நம்பத்தானே தோன்றும்? விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. பிள்ளையை என் மனைவியிடம் விட்டுவிட்டு, துணைக்கு நானும் ஏறினேன். முன்வரிசையில் இடம். விமானம் ஓடுபாதை வரைக்கும் போனது. அங்கே கொஞ்ச நேரம் யோசித்தது. திரும்பி வந்து கிளம்பின இடத்திலேயே நின்றது.

கம்ப்யூட்டர் கோளாறு என்றார்கள். விவரம் பிறகு மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். விமானத்துக்கு வழி சொல்ல இரண்டு கம்ப்யூட்டர். எந்த ஊருக்கு, எந்தப் பாதையில், எம்புட்டு எடையோடு, எந்த வேகத்தில் தூக்க வேண்டும், எல்லாம் அதற்குள் இருக்கும். இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒன்று நாங்கள் மதுரையில் நிற்கிறோம் என்றது. இன்னொன்று நாங்கள் நடுக்கடலில் நிற்கிறோம் என்றது. ஜன்னலில் பார்த்தேன், பொட்டல் காடும் கருவேலமரமும்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை படியேறி உள்ளே வந்தார். எங்களைப் பார்க்காமல் விமானியிடம் போனார். கம்ப்யூட்டர் தெளியட்டும் என்று விமானத்தையே மொத்தமாக அணைத்துப் போட்டார்கள். விளக்குப் போனது, ஏசி போனது. எனக்குப் பக்கத்தில் கண்ணுச்சாமி என்று ஒரு பாத்திரக்கடைக்காரர், பேத்தி கல்யாணத்துக்குப் போகிறவர்.

“பஸ்ஸா இருந்தா எறங்கித் தள்ளியாச்சும் விட்ருக்கலாம்” என்றார்.

விளக்கு வந்தது. கம்ப்யூட்டர் இரண்டும் மதுரை என்று ஒத்துக்கொண்டன. எல்லோரும் கை தட்டினார்கள். விமானம் நகர்ந்தது, ஒன்று மறுபடி நடுக்கடல் என்றது, திரும்பி வந்தது. கிளம்பும்போது தடங்கல் வந்தால், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கம். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தோம். தண்ணீர் குடித்தோம். தண்ணீர் தீர்ந்ததுதான் மிச்சம்.

மறுபடி அணைத்துப் போட்டார்கள், அப்புறம் இன்னொரு தடவையும். இந்தத் தடவை இரண்டும் மதுரையிலேயே நின்றன. நல்லவேளை, அப்போது கிளம்பினாலும் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், இதை விட்டால் வேறு வழியில்லை. விமானி தயார் என்றார். மாப்பிள்ளை கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவர் விமானிக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டினார், போக வேண்டாம் என்று.

கண்ணுச்சாமி எகிறிவிட்டார். “எவன்யா அந்த இன்ஜினியரு? அவன் பொண்டாட்டி உள்ள உக்காந்திருந்தா இப்பிடிப் பண்ணுவானா?”

மீனா சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கதவுப்பக்கம் போனேன்.

“என்ன மாப்ள நீங்க! உள்ள இருக்கது யாருன்னு தெரியும்ல? அதான் சரியாயிருச்சே, போட்டு விடுங்க!”

அவர் முகமெல்லாம் வேர்வை. “அவ இருக்கான்னுதான் மச்சான் இத்தன தடவ அணைச்சுப் போட்டேன். வேற ஆளுகளா இருந்தா மொதத் தடவையே எறக்கி விட்ருப்பேன்.”

மீனா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“இப்பச் சரியாத்தான இருக்குங்க?”

“இருக்கு.”

“திரும்பக் கெட்டா, திரும்ப அணைச்சுப் போட்டாச் சரியாயிரும்ல?”

“ஆயிரும். அதான் மீனா பயமா இருக்கு. மேல போயிட்டா அணைக்க முடியாது.”

அவள் அவரையே பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை, ஆனால் உதடு நடுங்கியது. அந்த மனுசனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மீனா திரும்பினாள். கண்ணுச்சாமி இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போய் நின்றாள்.

“அந்த இன்ஜினியரு பொண்டாட்டி நாந்தாங்கய்யா. உள்ளதான் உக்காந்திருந்தேன். எந்திரிங்க, எறங்குவோம்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.