ஜெட்டைச் சுற்றிய வட்டம்

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நான் மறுபடி இயற்பியலுக்குத் திரும்பினேன். ஆஸ்டின் டவுனிலிருந்து சிவாஜிநகர் போய், அங்கே பஸ் மாறி ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். இடையில் விட்ட வருடங்களில் மென்பொருளெல்லாம் மாறிப்போயிருந்தது. என்னைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியை அதையெல்லாம் பொருட்படுத்தாமல் நேராக வேலையைக் கொடுத்துவிட்டார்.

வெளிநாட்டில் ஒரு துகள் முடுக்கியில் ஈய அணுக்கருக்களை மோதவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் புரோட்டானும் நியூட்ரானும் உருகி, அவற்றுக்குள் இருக்கும் குவார்க்கும் குளுவானும் கலந்த, கண நேரம்கூட நிற்காத குழம்பு உண்டாகிறது. அதைத் துளைத்துக்கொண்டு வரும் துகள் கற்றைக்கு ஜெட் என்று பெயர். வரும் வழியில் அது ஆற்றலை இழக்கிறது. இழந்தது எங்கே போகிறது என்று, அங்கிருந்து வரும் தரவுகளில் நான் தேட வேண்டும்.

கிடைத்தது. ஜெட்டைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் போட்டால், சிதறிய துகள்களில் அந்த ஆற்றலின் பெரும்பங்கு இருந்தது. வெளிநாட்டில் நடக்கும் மாநாட்டில் பேச என் பெயரைக் கொடுத்தார்கள். பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் என் கணவர், மகளைப் பார்த்துக்கொள்ள விடுப்பு சொல்லிவைத்தார்.

கடைசியாக ஒரு சோதனை இருந்தது. ஜெட்டே இல்லாத இடங்களில் அதே வட்டத்தைப் போட்டேன். ஜெட்டோடு சேராமல் மோதலில் எங்கும் சிதறும் துகள்களின் இரைச்சலைச் சரியாகக் கழித்திருந்தால் எல்லாத் திசையிலும் பூஜ்யம் வர வேண்டும். ஒரு திசையில் கூடுதலாகவும், அதற்குக் குறுக்கே குறைவாகவும் வந்தது. அணுக்கருக்கள் ஓரமாக மோதும்போது குழம்பு பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். துகள்கள் எல்லாப் பக்கமும் சமமாக வராது. நான் எங்கும் ஒரே சராசரியைக் கழித்திருந்தேன்.

பேராசிரியையிடம் காட்டி, "இப்ப இத பேச வேணாம் மேடம், எனக்கே நம்பிக்க வரல" என்றேன்.

கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர் அவர். "பர்வாகில்லம்மா. முடிச்சிட்டு அடுத்த வருஷம் போ" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வீட்டில், லீவை கேன்சல் பண்ணிடவா என்று மட்டும் கணவர் கேட்டார். பிறகு அவரே சாதம் வைத்தார்.

மழைக்காலம் முழுக்க, திசைக்கு ஏற்றபடி கழிக்கும் நிரலை எழுதிக்கொண்டிருந்தேன். ஜெட் இல்லாத வெற்று வட்டங்கள் பூஜ்யத்துக்கு வந்தன. பயந்துகொண்டேதான் ஜெட்டுக்குப் போட்டேன். நான் முன்பு வட்டத்துக்குள் கண்ட ஆற்றலில் பாதி மறைந்துவிட்டது. மறு பாதி அப்படியே நின்றது.

எங்கள் குழுவிலேயே ஐரோப்பாவில் இருக்கும் ஒருவரை, என் நிரலைப் பார்க்காமல் தனியாகச் செய்து பார்க்கச் சொன்னோம். வரைபடத்தில் அவருடைய கோடு என் கோட்டின் மேலேயே படிந்தது. பேராசிரியை எழுந்து போய் இரண்டு காபி கொண்டுவந்தார்.

அடுத்த வருடம் போனேன். என் முறை வந்து பேசியதும் வெற்று வட்டத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி. பதில் சொல்லி முடித்ததும் கேட்டவர் தலையசைத்து உட்கார்ந்தார். அரங்கிலிருந்து வராந்தாவுக்கு வந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். எப்படிப் பேசினேன் என்று கணவர் கேட்பதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, "அங்க ஸ்னோ விழுதாம்மா?" என்றாள். அவளுக்காகப் போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.