அண்ணாவின் இலைக்கு நான் கொளுத்தாத சிகரெட்

பெற்றோல் குழாயில் தூசி அடைத்தால் வாயால் ஊதித் துப்புரவாக்குவது எங்கள் தொழிலில் வழக்கம். திருகோணமலையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவதுதான் என் வேலை. ஒருநாள் காலையில் ஊதினேன், காற்றுப் போகவில்லை. குழாயில்தான் பிழை என்று அதைத் திட்டினேன். என்னோடு அதே பட்டறையில் வேலை செய்கிற கிண்ணியா நசீர் குழாயை வாங்கி, ஒரே ஊதில் சரியாக்கிவிட்டான். "குழாயில ஒண்டுமில்ல மச்சான், உன்ர நெஞ்சிலதான் அடைப்பு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கருவிக்குள் ஊதச் சொன்னார்கள் (மூச்சின் பலத்தை அளக்கும் பரிசோதனை). டொக்டர் ஓர் இளம்பெண். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் (மூச்சுக் குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியேற முடியாமல் நிற்பது). போனது போனதுதான், சிகரெட்டை விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்.

"எப்ப இருந்து இவ்வளவு கூடச் சிகரெட் பத்துறீங்கள்?"

"மனுசி செத்ததில இருந்து."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மருந்து மட்டும் காணாது ஐயா. ஆசை வரேக்க கதைக்கிறதுக்கு ஒராள் வேணும். இருக்கோ?"

எனக்கு ஒருத்தரும் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன கொழுப்பு எனக்கு! சிகரெட்டை மட்டும் அன்றோடு விட்டேன்.

நிக்கொட்டின் (புகையிலையில் இருந்து ஆளை அடிமையாக்கும் பொருள்) உடம்பை விட்டுப் போகும்போது கை நடுங்கும், எரிச்சல் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எல்லாம் வந்தது. அவர்கள் சொல்லாத அழுகையும் வந்தது. என் மனைவி மலர் போனபோது நான் அழவில்லை. துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தால் வெளியே போய் ஒன்றைக் கொளுத்துவேன். தொண்டைவரை வந்தது புகையோடு உள்ளே இறங்கிவிடும். இப்போது இறக்குவதற்குப் புகை இல்லை. எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்து, கையில் ஸ்பானரோடு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

நசீர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். புத்தி சொல்லவில்லை. "மலர் தங்கச்சி ஒரு நண்டுக் குழம்பு வைக்கிறவ, அதுக்கு என்னடா போடுறவ?" என்று கேட்டான். சொல்லத் தொடங்கினேன். கடைசியில் போடுகிற முருங்கையிலை வரைக்கும் சொன்னேன். சொல்லி முடிக்க ஆசை அடங்கிவிட்டது. பிறகு அதுவே எங்கள் ஏற்பாடானது. ஆசை வந்தால் அவனைக் கூப்பிடுவேன், வீட்டில் நின்றால் போன் எடுப்பேன். அவன் மலரைப் பற்றி ஏதாவது கேட்பான். ஒருநாள் அவன்மேல் எரிந்து விழுந்தேன். "திட்டு மச்சான், கொளுத்தாத" என்றான்.

இப்படி ஒருவிதமாகத் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணா போனார். நுரையீரலில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே பிந்திவிட்டது. எனக்கு முதல் சிகரெட்டை நீட்டியவர் அவர்தான். அவர் என்றால் எனக்கு உயிர். இரண்டும் உண்மை.

கப்பல்துறையில் அவர் வீட்டில் எட்டுச் செலவு (இறந்து எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது). இலையில் சோறு, மீன், கணவாய், பக்கத்தில் ஒரு கிளாஸ் சாராயம். கடைசியாக மாமா ஒரு சிகரெட் பெட்டியை எடுத்தார். பத்தினவருக்கு அதையும் கொளுத்தி வைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். கொளுத்துவதென்றால் ஓர் இழுவை இழுக்கத்தானே வேண்டும்.

"தம்பி, நீதான் கொளுத்தி வைக்கவேணும். அவனோட சேந்து பத்தினவன் நீ."

"என்னால ஏலாது மாமா."

"ஒரு இழுவைதானே, செத்துப்போக மாட்டாய்."

பெட்டியிலிருந்து புகையிலை மணம் மூக்கில் ஏறியது. வாய் ஊறியது. பொய் சொல்லமாட்டேன், கை நீண்டுவிட்டது. அந்த ஓர் இழுவையோடு பழையபடி பெட்டி பெட்டியாகத் தொடங்குவேன் என்றும் எனக்கு நன்றாகத் தெரியும். கையை இழுத்துக்கொண்டேன்.

"அண்ணாவைக் கொண்டுபோனதே இதுதான். இதையே அவருக்குப் படைக்கச் சொல்லுறீங்களோ? மாட்டன்!" என்று கத்தினேன்.

"கூடப்பிறந்தவனுக்கு இதைக்கூடச் செய்ய ஏலாட்டி நீ என்ன தம்பி?"

வந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். குசினி (சமையலறை) வாசலில் நின்ற அண்ணி நேரே வந்து மாமாவின் கையிலிருந்து பெட்டியைப் பறித்தார்.

"ஒராளுக்கு இலை போட்டிட்டன் மாமா. அடுத்த ஆளுக்கும் என்னைப் போட வைக்காதேங்கோ."

பெட்டியைக் கசக்கி, சட்டி கழுவுகிற வாளித் தண்ணீருக்குள் போட்டார். அண்ணி இப்படிச் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அந்தச் சனத்துக்கு நடுவிலேயே, இலைக்கு முன்னால் குந்தியிருந்து அழுதேன். "ஆம்பிளை அழுறதைப் பார்" என்று யாரோ சொன்னார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன!

என்னைப்போல சிகரெட்டை விட்டுக்கொண்டிருக்கிறவர்களே, நீங்கள் விடுகிற நேரம் பார்த்துச் சாவும் வரும். "இப்ப துக்கம், பிறகு விடலாம்" என்று சனம் சொல்லும். கேட்காதீர்கள். புத்தி சொல்லாத ஓர் ஆளைத் தேடிப் பிடியுங்கள்.

மாமா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. பரவாயில்லை. முன்பு என் நாளைச் சிகரெட்தான் துண்டு போட்டது. தேத்தண்ணிக்குப் பின் ஒன்று, எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் ஒன்று. இப்போது பகல் நீளமாகக் கிடக்கிறது. மலரும் அண்ணாவும் நினைத்த நேரத்தில் அதற்குள் வருகிறார்கள், நான் தடுப்பதில்லை. படி ஏறினால் நெஞ்சு இன்னும் இரைக்கிறது. இரைக்கட்டும். வாய்விட்டு அழ இந்த மூச்சுப் போதும்.